சுற்றுலாவைத் தவிர ஊட்டிக்கு வேறு வாழ்க்கை இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. ஏரியும் பூங்காவும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. சுற்றியுள்ள ஹட்டிகளுக்கும் (படுகர் இன மக்களின் ஊர்கள்) தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஊட்டி ஒரு சந்தை ஊர். மளிகை, கம்பளி, விதை, உரம் என்று எதற்கும் இங்கேதான் வருவார்கள்.

கேரட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கேத்தி பக்கம் விடியும் முன்பே அறுவடை தொடங்கிவிடும். மண்ணோடு மூட்டை கட்டி, கழுவும் இயந்திரத்துக்குக் கொண்டுபோவார்கள். சுழலும் உருளைக்குள் தண்ணீர் பாய, சேறு கரைந்து கேரட் பளபளவென்று வந்து விழும். அப்புறம் லாரியில் மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். விலை சரிந்த நாளில் பறிகூலிக்கும் லாரி வாடகைக்குமே கட்டாது. நம் ஊர்க் கடையில் "ஊட்டி கேரட்" என்று கேட்டு வாங்கும்போது அந்த விவசாயியையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

தேயிலையிலும் இதே கதைதான். சிறு விவசாயிகள் பச்சை இலையைத் தொழிற்சாலைக்குக் கொடுப்பார்கள், தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகும்.

மலை ரயில் 1899இல் குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் வந்தது. இன்று சரக்கெல்லாம் சாலை வழிதான். அதனால் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் வியாபாரமும் நின்றுபோகும்.

அடுத்த முறை போனால் காலையில் மார்க்கெட் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். டீக்கடையில் சூடான டீயும் வர்க்கியும் கிடைக்கும், பேச ஆளும் கிடைப்பார்கள்.