மலைநாட்டில் மெட்டல் டிடெக்டர் பிடிப்பவர் வருடத்துக்கு எவ்வளவு காணியைத் தேடி முடிப்பார்?

மெட்டல் டிடெக்டரைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர் வருடத்தில் எத்தனை ஏக்கர் தேடியிருப்பார், ஃபோனில் பதிவாகும் நடைதூரத்தை வைத்து அதைக் கணக்கிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடைதூரம் இதற்கு உதவாது. ஏக்கர் என்று பார்த்தால், இலங்கை மலைநாட்டில் வார இறுதிகளில் மட்டும் இறங்குபவருக்கு இரண்டு, இரண்டரை ஏக்கரைத் தாண்டுவது கடினம்.

தேடிய நிலம் என்பது காயில், அதாவது டிடெக்டரின் அடியில் உள்ள வட்டத் தட்டு, மேலே போன நிலம் மட்டும்தான். பரவலாகப் பயன்படும் 11 அங்குலக் காயில் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். காயிலைப் பக்கவாட்டில் வீசும் ஒவ்வொரு வீச்சுக்கும் பாதிக் காயில், அதாவது 14 சென்டிமீட்டர்தான் முன்னால் நகரலாம். முழுக் காயில் அளவுக்கு நகர்ந்தால் மேல்மண்ணில் கிடப்பது அகப்படும். ஆழத்தில் கிடப்பது இரண்டு வீச்சுக்கும் நடுவில் தப்பிவிடும். வீச்சின் அகலம் 1.5 மீட்டர் என்றாலும், பக்கத்து நிரையோடு கொஞ்சம் மேல்படிய வேண்டியிருப்பதால் 1.25 மீட்டரையே கணக்கில் எடுங்கள். ஒரு வீச்சுக்கு 2 செக்கன் என்றால் மணிக்கு 1,800 வீச்சு. 1.25 × 0.14 × 1,800 = 315 சதுர மீட்டர். ஒரு பேர்ச் (ஏக்கரில் 160இல் ஒரு பங்கு) 25.3 சதுர மீட்டர் என்பதால், இது 12 பேர்ச்சை ஒட்டி வரும்.

எங்கும் நிற்காமல் வீசினால்தான் இந்த அளவு. சத்தம் கேட்ட இடத்தைக் குறித்து, கிளறி, எடுத்து, குழியை மூட 4 நிமிடம் போகும். மணிக்கு 8 குழி என்றால் நேரத்தில் பாதி அதிலேயே போய்விட, மிஞ்சுவது 6 பேர்ச்தான். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்தடியில் இதுவும் கிடைக்காது. கூரைத் தகரத் துண்டு, ஆணி, கம்பி, சோடா மூடி, சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் என்று அடிக்கு ஒரு சத்தம் வரும். ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் கால் அல்ல, மண்ணில் கிடக்கும் குப்பை. குழிக்குள் உலோகம் இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டும் கையடக்கப் பின்பாயின்டர் ஒன்று இருந்தால் குழி நேரம் நன்றாகக் குறையும். இந்த வேலைக்குப் பெரிய காயிலை விட அதற்குச் செலவழிப்பதே மேல்.

இனிச் சரிவு. காணிப் பிளானில் போட்டிருக்கும் பேர்ச் கிடைமட்ட அளவு. 30 பாகைச் சரிவில் உண்மையான தரைப்பரப்பு அதைவிட 15 சதவீதம் அதிகம். 45 பாகையில் 41 சதவீதம் அதிகம். சரிவுக்குக் குறுக்காக நடந்தால்தான் காயில் தரையோடு போகும். அப்போதும் மேட்டுப்பக்க வீச்சு குறுகும், பள்ளப்பக்கத்தில் காயில் தரையை விட்டு எழும். 5 சென்டிமீட்டர் எழுந்தால் ஆழத்தில் அந்த 5 சென்டிமீட்டரும் போச்சு. மானாப்புல் வளர்ந்த இடத்திலும் இதே கதிதான். இதையெல்லாம் சேர்த்தால் மலையில் மணிக்கு 4 பேர்ச் என்பதே நேர்மையான கணக்கு.

தேயிலைக்குள் இன்னொரு ஏமாற்றம் இருக்கிறது. நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட வீ.பி. தேயிலையில் (தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த செடிகள்), நிரைக்கு நடுவே காயில் போகக்கூடிய அகலம் 60 சென்டிமீட்டர் கிடைத்தால் பெரிது. அதுவும் செடியைக் கவ்வாத்து வெட்டி, மிலாறை, அதாவது வெட்டிய கிளைகளை, ஒதுக்கிய பிறகுதான். மிச்சப் பாதி செடிகளின் அடியில் இருக்கிறது. அங்கே 10 பேர்ச் நடந்தவர் தேடியது 5 பேர்ச். கொழுந்து எடுக்கும்போது விழுந்த மோதிரத்தைத் தேடுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் அது செடியடிக்குள் உருண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த இடத்துக்கு 6 அங்குலம் அளவான சிறிய காயில் வேண்டும்.

ஃபோன் கணக்கு பிழைப்பதற்குக் காரணம் எளிது. திறந்த வெளியிலேயே ஜீ.பி.எஸ். சில மீட்டர் தவறும். மரத்தடியிலும் பள்ளத்தாக்கிலும் இன்னும் கூடும். நீங்கள் குந்தியிருந்து கிண்டும்போது புள்ளி அங்குமிங்கும் தாவ, அதுவும் தூரமாகச் சேர்ந்துவிடும். பதிலாக, 5 மீட்டர் சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரியுங்கள். அது 25 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு பேர்ச். 1.25 மீட்டர் அகலத்தில் சரியாக நான்கு நிரை வரும். முளைக்கு மரக்குச்சியே போதும்; இரும்பு வேண்டாம். முடிந்த சதுரங்களைக் கொப்பியில் கட்டம் போட்டு நிழற்றினால் வருட முடிவில் எண்ணினாலே போதும். தோட்ட வீட்டுத் திட்டத்து 7 பேர்ச் காணியில், 550 சதுர அடி வீடு 2 பேர்ச் பிடித்துக்கொண்டால் மிச்சம் 5 பேர்ச். ஒன்றேகால் மணி நேர வேலை.

வருடக் கணக்குக்கு உங்கள் பக்கத்து மழையைப் பாருங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வசதி. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. பருவமழைக்கு இடைப்பட்ட மாதங்களில் பின்னேர இடிமுழக்கம் வழக்கம் என்பதால், மலை உச்சியில் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். வருடத்தில் 30 நாள், நாளுக்கு 3 மணி நேரம் என்று வைத்தால் 90 × 4 = 360 பேர்ச், அதாவது இரண்டேகால் ஏக்கர்.

பரப்பு ஒன்று, எவ்வளவு நன்றாகத் தேடினோம் என்பது வேறு. இரும்பு ஒக்சைட்டு நிறைந்த செம்மண்ணில் ஆழம் குறையும். டிடெக்டரை மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் செய்யாமல் சென்சிட்டிவிட்டியை (உணர்திறனை) ஏற்றினால் பொய்ச் சத்தம்தான் கூடும். காந்தத்தில் ஒட்டாத சிறு உலோகத் துண்டுகள் பத்தை வேறொருவரைக் கொண்டு ஒரு சதுரத்தில் வெவ்வேறு ஆழத்தில் புதைக்கச் சொல்லித் தேடிப் பாருங்கள். ஏழு கிடைத்தால் உங்கள் விகிதம் 70 சதவீதம். குறுக்காக இரண்டாம் முறை தேடினால், மிஞ்சிய 30இல் 70 சதவீதமும் சேர்ந்து, காகிதத்தில் 91 வரும். ஆனால் காயிலுக்கு எட்டாத ஆழத்தில் கிடப்பது பத்து முறை வீசினாலும் வராது. இரண்டாம் தடவையைப் புது நிலமாகக் கொப்பியில் சேர்க்க வேண்டாம்.

இது தொலைந்த பொருளைத் தேடுவதற்கு மட்டும். தொல்பொருள் தேடித் தோண்டுவதற்கு, சொந்தக் காணியாக இருந்தாலும், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். புதையல் தோண்டுகிறார்கள் என்று சந்தேகம் எழுவது இங்கே வெகு சுலபம். தோட்டத்து மலையில் இறங்குவதென்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, கடிதத்தைக் கையோடு வைத்திருங்கள்.