சராசரி உயர்ந்திருந்தும் ஊழியர்கள் விலகுவது ஏன்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 200 பேர் பணியாற்றுகிறோம். ஆண்டுக் கருத்துக்கணிப்பில், அனைவரையும் அரவணைக்கும் பணிச்சூழலுக்கு ஐந்துக்கு 4.2 மதிப்பெண் கிடைக்கிறது. ஆயினும் சிறுபான்மைப் பிரிவினர் அடுத்தடுத்து விலகுகின்றனர். எதை அளக்கத் தவறுகிறோம்?

பதில்: அந்த 4.2-ஐப் பிரித்துப் பாருங்கள். 180 பேர் சராசரியாக 4.4 என்றும், எஞ்சிய 20 பேர் 2.6 என்றும் மதிப்பிட்டிருந்தாலும் மொத்தச் சராசரி 4.2 என்றே வரும். பிரிவுகளுக்கு இடையிலான இந்த வேறுபாட்டைத்தான் நீங்கள் அளக்க வேண்டும். கருத்துக்கணிப்புக்குப் பதிலளிக்காதவர்கள் எந்தப் பிரிவில் அதிகம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

ஆனால் சிறு பிரிவுகளின் முடிவை வெளியிடும்போது, யார் என்ன சொன்னார் என்பது எளிதில் தெரிந்துவிடும். பத்துப் பேருக்குக் குறைவாகப் பதிலளித்த பிரிவின் மதிப்பெண்ணைத் தனியே வெளியிடாதீர்கள். அதை மட்டும் மறைப்பதும் போதாது; மொத்தத்தையும் மற்றப் பிரிவுகளின் முடிவுகளையும் கொடுத்துவிட்டால், கழித்துப் பார்த்தே மறைத்ததைக் கண்டுபிடித்துவிடலாம். அத்தகைய பிரிவினரிடம், அவர்களுடைய பதவி உயர்வில் தொடர்பில்லாத வெளியாள் ஒருவர் நேரில் பேசுவதே பயன் தரும்.

கேள்விகளையும் மாற்றுங்கள். லின் ஷோரும் சக ஆய்வாளர்களும் 2011-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒருவர் தாம் அரவணைக்கப்படுவதாக உணர, குழுவில் ஒருவராக ஏற்கப்படுவதும் தம் தனித்தன்மைக்காக மதிக்கப்படுவதும் ஒருசேர அமைய வேண்டும். முதலாவதைக் கேட்பதோடு வினாத்தாள் நின்றுவிடக்கூடாது. “நிறுவனம் அனைவரையும் மதிக்கிறதா?” என்று கேட்டால் மரியாதையான பதிலே வரும், “கடந்த மூன்று மாதங்களில், உங்கள் வேலையைப் பாதிக்கும் முடிவை எடுக்குமுன் உங்கள் கருத்தைக் கேட்டார்களா?” என்று கேட்டால் நடந்தது தெரியவரும்.

உணர்வுகளை மட்டும் நம்பாமல், பதவி உயர்வு, செயல்திறன் மதிப்பீடு, ஊதிய உயர்வு, விலகல் ஆகிய பதிவேடுகளையும் பிரிவுவாரியாக ஒப்பிடுங்கள். பதவி உயர்வு விகிதத்தை மொத்த ஊழியர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடாமல், தகுதி பெற்றிருந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவதே முறை. இருபது பேர் கொண்ட பிரிவில் ஒருவர் விலகினாலே விகிதம் ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள் மாறிவிடும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

இந்த மதிப்பெண்ணை மேலாளர்களின் ஊக்கத்தொகையோடு இணைக்கும் யோசனை எழக்கூடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிச் செய்தால், நல்ல மதிப்பெண் போடும்படி ஊழியர்களிடமே சொல்லிவைக்கும் மேலாளர்கள் உருவாகிவிடுவார்கள்.