ஸ்கேனில் அடைப்பு இல்லை என்கிறார்கள், ஆனால் வயிறு ஊதி வாந்தி வருகிறது. குடல் அசைவுக் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

உங்களிடமும் யாரோ “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லியிருப்பார்கள். நான் அதை ஆறு வருடம் கேட்டவள். மருத்துவர் அல்ல, கணக்கு ஆசிரியை, பட்டதைத்தான் எழுதுகிறேன்.

சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு மத்தளமாகிவிடும். கல்யாண வீடுகளில் “விசேஷமா?” என்பார்கள், எனக்கு அப்போது வயது 44. மலச்சிக்கல் என்று இசப்கோல் கொடுத்தார்கள், இன்னும் ஊதியது. ஒருமுறை பச்சையாக வாந்தி, வாயுகூடப் பிரியவில்லை. எக்ஸ்ரேயில் குடல் வீங்கி, காற்றும் நீரும் படிக்கட்டுபோல் நின்றன. அடைப்பு என்று வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை. குடல்வாலை எடுத்துவிட்டு மூடினார்கள்.

அவசரத்தில் வேறு வழியில்லை என்று யாராவது சண்டைக்கு வருவதற்குள் நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூக்கில் குழாயோடு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவளுக்கு ஐந்து நாள் உணவுக் கட்டணம் போட்டார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கேட்டதற்கு “பேக்கேஜ்” என்றார்கள்.

கண்டுபிடித்தவர் நான்காவதாகப் பார்த்த குடல்நோய் நிபுணர். வயிற்றைத் தொடுவதற்கு முன் என் கையைப் பார்த்தார். ஏசி குளிரில் விரல்நுனிகள் வெளுத்து நீலம் பாரித்திருந்தன. விரலின் மேல்தோலைக் கிள்ளினார், பிடிபடவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து இப்படி ஆகிவிட்டது என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து ஸ்க்ளீரோடெர்மா என்று உறுதியானது. தோலை இறுக்கும் அந்த நோய் குடல்சுவரின் தசையையும் பலவீனமாக்கும். எனக்கு வந்தது நாட்பட்ட போலிக் குடலடைப்பு: வழியில் தடை எதுவும் இல்லாமலே, குடல் சரியாக அசையாததால் அடைத்ததுபோல் ஆகிவிடுவது.

வழிமுறை இதுதான்: சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி செய்து உண்மையான அடைப்பு இல்லை என்று முதலில் உறுதிசெய்வார்கள். தைராய்டு, சர்க்கரை, பொட்டாசியம் பார்ப்பார்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்பார்கள். ஓபியம் வகை வலிநிவாரணிகளும் குடலை மந்தமாக்கும். பிறகு மேனோமெட்ரி: மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் சிறுகுடல்வரை செலுத்தி, வெறும் வயிற்றிலும் உணவுக்குப் பின்னும் அழுத்தம் அளப்பார்கள். தசைக் கோளாறென்றால் குடல் சுருங்கும் அலைகள் வரும், வலு இருக்காது. நரம்புக் கோளாறென்றால் வலு இருக்கும், ஒழுங்கு இருக்காது. இந்த வசதி சில பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு.

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த எக்ஸ்ரேக்களையும் பழைய அறுவைக் குறிப்புகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். என் அறுவைக் குறிப்பில் “அடைப்பு எதுவும் காணப்படவில்லை” என்ற வரியின் கீழ்தான் அந்த நிபுணர் பேனாவால் கோடு போட்டார். நான்கு வருடமாக அது என் பீரோவில் கிடந்தது.