ஊர் என்ன சொல்லும்? தென்னாப்பிரிக்காவின் டர்பன் வாசகர்களுக்குச் சில பதில்கள்

சாட்ஸ்வொர்த் பாட்டி ஒருவர்: நான் திருநீறு பூசும்போது தொண்டையைச் செருமுவது பழக்கம். மூன்று வயதுப் பேத்தியும் செருமிவிட்டுத்தான் பூசிக்கொள்கிறாள். யார் சொல்லித் தந்தது?

யாரும் சொல்லித் தரவில்லை, அம்மா. 2005இல் ஹார்னர், வைட்டன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பரிசு வைத்த பெட்டியைக் குச்சியால் மேலே வீணாகக் குத்திவிட்டு, பிறகு திறந்து காட்டினார்கள். உள்ளே இருப்பது தெரிகிற பெட்டி என்றால், சிம்பன்சிகள் பெரும்பாலும் வீண் குத்தலை விட்டுவிட்டு நேரே பரிசை எடுத்தன. மூன்று நான்கு வயதுக் குழந்தைகளோ குத்திவிட்டு, அப்புறம்தான் திறந்தார்கள். குரங்குக்கு அதிகப் புத்தி என்று சிரிக்கலாம். ஆனால் காரணம் கேட்காமல் அப்படியே செய்கிற இந்தக் குணம் இல்லையென்றால், 1860இல் இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கெனச் சென்னையில் கப்பலேறியவர்களின் ஆடிக்கூழ் இன்று நம் வீட்டுப் பானையில் சோள மாவில் கொதிக்காது. கூழோடு செருமலும் வரத்தான் செய்யும்.

ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அப்பா: என் பையனுக்குத் தமிழில் ஒரு வாக்கியம் வராது. காவடி விரதம் என்றால் மட்டும் முட்டைகூடத் தொடமாட்டான். எப்படி?

பேச்சுக்கு எதிரில் ஆள் வேண்டும், அதுவும் தினமும். கடை, பள்ளி, வேலை எல்லாம் ஆங்கிலமானபின் அந்த ஆள் இல்லை. விரதத்துக்கு அடுப்படியே போதும். கறிச்சட்டியை அம்மா பரணில் ஏற்றினால் பாடம் முடிந்தது.

ஒரு கல்லூரி மாணவி: இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு ஈஸ்டரில் ஏன் கூட்டம்?

அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்கு விடுமுறை கிடைத்த நாள் அது. சரி, அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: சட்டம் போட்டு வழக்கத்தை மாற்ற முடியாதா?

1913 மார்ச்சில் கேப் நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். அதுவரை வீட்டோடு இருந்த பெண்கள் தாலிக்காகப் போராடிச் சிறைக்குப் போனார்கள். சிறையில் நோயுற்று வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. அதே வருடம் வந்த புதுச் சட்டம் நம் திருமணங்களை ஏற்றுக்கொண்டது. வெளியிலிருந்து இடித்தால் வழக்கம் இறுகும் என்பது என் கட்சி.

பெயர் வேண்டாம் என்ற அக்கா: கணவர் போனபின் பொட்டு வைக்க ஆசை. ஊர்ப் பேச்சுக்குப் பயப்படுவது கோழைத்தனமா?

இல்லை, அக்கா. 1950களில் சாலமன் ஆஷ் என்பவர் கோடுகளின் நீளத்தைக் கேட்டார். கூட இருந்தவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னபோது, நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கண்ணால் கண்டதை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் சரியாகச் சொல்ல இன்னொருவர் இருந்தால், விட்டுக்கொடுப்பது பெரிதும் குறைந்தது.

எங்கள் வீட்டு வளைகாப்பில் குங்குமத் தாம்பாளம் என் அத்தையைத் தாண்டிப் போகும். ஒரு வருடம் என் அண்ணி தாம்பாளத்தோடு அத்தை முன்னால் நின்றுவிட்டார். பேசவும் இல்லை, நகரவும் இல்லை. அத்தை எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு கிழவிகள் முணுமுணுத்தார்கள். அடுத்த வளைகாப்பில் அவர்களில் ஒருத்தியும் கையை நீட்டினாள்.

உங்கள் வீட்டில் அந்த அண்ணி யார் என்று முதலில் பாருங்கள்.