ஆறு கோழி, ஒரு அம்மா, ஏழரை மணி சீரியல்: கேட்டதும் சொன்னதும்

எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவரும் இல்லை, நர்ஸும் இல்லை. மடிப்பாக்கத்தில் ஒரு பழைய தனி வீடு, கொல்லையில் ஐந்து பெட்டை ஒரு சேவல், 81 வயது அம்மா, பத்து வருஷம் பட்ட அனுபவம். அவ்வளவுதான் தகுதி.

தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி: அக்கா, அம்மாவுக்கு 76 வயது. அப்பா போனதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. பின்னால் பத்துக்குப் பத்து இடம் இருக்கிறது. கோழி வாங்கித் தரலாமா? எத்தனை?

முதலில் அம்மாவைக் கேட்டீர்களா தம்பி? சின்ன வயதில் கோழி வளர்த்தவர் என்றால் தைரியமாக வாங்குங்கள். கோழி எச்சம் என்றாலே முகம் சுளிப்பவர் என்றால் மொத்த வேலையும் உங்கள் தலையில்தான் விடியும். மூன்று நாலு பெட்டை போதும். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, எத்தனை தடவை சொன்னாலும் இதை யாரும் நம்புவதில்லை. குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல். ஒரு நாள் குஞ்சுகளை வாங்காதீர்கள், பல்பு போட்டுச் சூடு கொடுத்து ராத்திரியெல்லாம் எழுந்து பார்க்க வேண்டும். மூன்று மாதக் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். நாட்டுக்கோழி ஐந்தாறு மாதத்தில் முட்டையிட ஆரம்பிக்கும், பத்துப் பதினைந்து போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், அதனால் தினம் ஆம்லெட் என்று கணக்குப் போட வேண்டாம். வருஷத்துக்கு 60, 70 வந்தால் நல்ல கோழி.

இன்னொன்று. வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லா வேலையையும் நீங்களே இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். நான் செய்தேன். அம்மாவுக்கு முட்டி வலி, குனிய வேண்டாமே என்று காலையில் திறந்து விடுவது, இரை போடுவது, கூண்டைக் கூட்டுவது எல்லாம் நானே பார்த்தேன். ஒரு மாதத்தில் அம்மா "உன் கோழி, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார். இப்போது இரை போடுவதும் முட்டை எடுப்பதும் அவர் டிபார்ட்மென்ட், நான் கை வைத்தால் சண்டை வரும். புது முட்டையை எடுத்ததும் உடனே கிண்ணத்தில் போட மாட்டார், சூடு ஆறும்வரை கன்னத்தில் வைத்துக்கொண்டே நிற்பார்.

கொளத்தூர்: எங்கள் சேவல் விடியற்காலை நாலு மணிக்கே கூவுகிறது. பக்கத்து வீட்டில் சண்டை.

சேவலை ராத்திரி மட்டும் இருட்டான பெட்டியில், காற்றுப் போக வழி விட்டு, சாக்கு போட்டு மூடி வையுங்கள். கூவுவது நிற்காது, சத்தம் கொஞ்சம் அடங்கும். பக்கத்து வீட்டுக்கு வாரம் நாலு முட்டை கொடுங்கள். எங்கள் தெருவில் வேலை செய்தது இரண்டாவதுதான்.

அம்பத்தூர்: போன மாதம் ஒவ்வொன்றாக ஐந்து கோழி செத்துப்போனது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல், ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. சீரகம், மிளகு, மஞ்சள் அரைத்துக் கொடுத்தோம், கேட்கவில்லை. அம்மா இன்னும் அழுகிறார்.

நீங்கள் சொல்கிற அடையாளம் வெள்ளைக்கழிச்சல் மாதிரிதான் இருக்கிறது, ராணிக்கெட் என்பார்கள். அது வைரஸ், வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. அதனால் உங்கள் கை வைத்தியத்தில் குறை ஏதும் இல்லை, அம்மாவிடமும் அதைச் சொல்லுங்கள். தடுப்பு மருந்து ஒன்றுதான் வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, மூன்று நாலு வாரத்தில் லசோட்டா என்ற இன்னொரு தடுப்பு மருந்து, எட்டு வாரத்தில் ஊசி. இதில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு தொல்லை, ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு வரும், கலக்கிவிட்டால் சில மணி நேரத்தில் முடித்தாக வேண்டும், மூன்று கோழி வைத்திருப்பவர் என்ன செய்வது? அதற்குத்தான் கால்நடைத் துறை வருஷா வருஷம் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்துகிறது, அதை விடாதீர்கள். நடுவில் சந்தேகம் வந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1903ல் ஆரம்பித்தது. "கோழிக்குப் போய் ஆஸ்பத்திரியா" என்று வெட்கப்பட வேண்டாம், கூடையில் தூக்கிக்கொண்டு போங்கள், நான் போயிருக்கிறேன்.

ஒருமுறை ஒருவர் "எல்லா ஊசியும் போட்டாச்சு மேடம்" என்று சத்தியம் செய்து நாலு கோழி விற்றார். பத்தே நாளில் நாலும் போய், ஏற்கெனவே இருந்ததில் இரண்டையும் கூட்டிக்கொண்டு போனது. அதற்கப்புறம் எந்தப் புதுக்கோழி வந்தாலும் இரண்டு வாரமாவது தனியாக அடைத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கிறேன். செத்த கோழியைக் குப்பைத்தொட்டியில் வீசாதீர்கள், ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கூண்டைச் சுத்தம் செய்து வெயிலில் காயவிட்டு, ஓரிரு மாதம் கழித்துப் புதுசு வாங்குங்கள்.

பெரம்பூர்: அப்பாவுக்கு 84. டிவி சத்தம் தெரு முனைவரைக்கும் கேட்கிறது. குறைத்தால் கோபம். ஹெட்போன் வாங்கித் தரலாமா?

முதலில் காது டாக்டர். நிறையப் பேருக்குக் காதில் அழுக்கு அடைத்துக்கொண்டு இருக்கும், அதை எடுத்தாலே கொஞ்சம் நன்றாகக் கேட்கும். காதுக் கருவி தேவை என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சையும் நிறுத்திவிடுவார். ஹெட்போன் எனக்குப் பிடிக்கவில்லை. குக்கர் விசிலும் காலிங் பெல்லும் கேட்காது, நீங்கள் பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

வில்லிவாக்கம்: அம்மா சீரியலில் வருகிறவர்களை நிஜ மனிதர்கள் மாதிரியே திட்டுகிறார், அழுகிறார். அதுவும் பழைய சீரியலையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கவலைப்பட வேண்டுமா?

எங்கள் கோழிகளின் பெயர் தனம், சரோ, லீலா, விஜி, பவானி. புரிந்திருக்குமே, 'மெட்டி ஒலி' சீரியலின் ஐந்து அக்கா தங்கைகள். 2002லிருந்து 2005 வரை ஓடிய 'மெட்டி ஒலி'யை 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது, எல்லாம் தெரிந்தும் அம்மா அதே அதே இடங்களில் அழுதார். சேவலுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை, அந்தப் பெண்களின் அப்பா பெயரை இதற்கு வைக்க மனசு வரவில்லையாம். பழைய கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்று மூளையைக் கசக்க வேண்டாம், அந்த நிம்மதிக்காகத்தான் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

'எதிர்நீச்சல்' சீரியலில் ஆதி குணசேகரனை ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் திட்டித் தீர்த்தவர் அம்மா. 2023 செப்டம்பரில் அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்த அன்றைக்கு இரை போடக்கூட எழுந்திருக்கவில்லை. "என்ன திட்டு திட்டினேன் அந்த மனுஷனை" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். திட்டினாலும் அழுதாலும் சீரியல் எது, நிஜம் எது என்று அவருக்குத் தெரிகிறதே, அப்புறம் என்ன? டிவியில் இருப்பவர் வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று பயந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள். ஒரு உபயோகம் சொல்கிறேன், ராத்திரி பிரஷர் மாத்திரையை ஏழரை மணி சீரியலின் டைட்டில் பாட்டோடு சேர்த்துவிட்டேன், மறந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

நங்கநல்லூர்: மழைக்காலத்தில் அம்மா கொல்லைக்குப் போனாலே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான், ஐப்பசி வந்தால் கொல்லையெல்லாம் பாசி. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், கோழிகளை அடைத்துவிட்டுச் செய்யுங்கள். சுவரோரம் கைப்பிடிக் கம்பி, தேயாத ரப்பர் செருப்பு. கூண்டின் தாழ்ப்பாளும் முட்டை வைக்கிற பெட்டியும் இடுப்பு உயரத்தில் இருந்தால் குனிய வேண்டாம். எங்கள் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நீளக் குவளையால் கம்பும் குருணையும் வீசுவார், இல்லாவிட்டால் கோழிகள் காலுக்குள் வந்து தட்டிவிடும்.

மேற்கு மாம்பலம்: அப்பா பச்சை முட்டைதான் சத்து என்று அப்படியே குடிக்கிறார்.

வேண்டாம். சால்மோனெல்லா கிருமி வயதானவர்களைப் படுக்க வைத்துவிடும். வேகவைத்தால்தான் புரதம் நன்றாகச் செரிக்கும் என்று சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். கூண்டில் கை வைத்தால் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், அது எல்லோருக்கும்தான்.

மேடவாக்கம்: அக்கா, அம்மாவின் மறதி நோயா, வெறும் முதுமையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நடிகை பெயர் மறந்தால் விடுங்கள். பழகிய தெருவில் வழி தடுமாறுவது, அடுப்பை அணைக்காமல் போவது, போட்ட மாத்திரையையே மறுபடி போடுவது, இதெல்லாம் வந்தால் காட்டுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரும், அதற்கெல்லாம் மருந்து உண்டு. கிண்டியில் 2024ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். யோசனை கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் அவசரப்படாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா தினமும் சாயங்காலம் "பா... பா..." என்று கூப்பிட்டு அடைத்துவிட்டு, "அஞ்சுதாண்டி இருக்கு" என்பார். காலையில் இரை தின்னும்போது நான் எண்ணினால் ஆறு. ஒரு வாரம் இதே கதை. அம்மாவுக்கு எண்ணிக்கை தவறுகிறது என்று நினைத்து, அவரிடம் சொல்லாமல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அப்புறம் ஒருநாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சோப்பைத் தேடிக் கையை விட்டேன், நறுக்கென்று கொத்தியது. லீலா! ஒன்பது முட்டை மேல் அடைக்கு உட்கார்ந்திருந்தது. அடைக்கோழி நாளுக்கு ஒருமுறைதான் எழுந்து வந்து தின்றுவிட்டு ஓடும், அது காலையில் என் கணக்கில் வந்தது, சாயங்காலம் அம்மா கணக்கில் வரவில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்றார் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். டைட்டில் பாட்டு ஆரம்பித்திருந்தது.