மான் வேட்டையில் இருட்டிவிட்டால்: நடப்பதா, தங்குவதா?

கேள்வி: நியூசிலாந்தில் ஹாமில்டன் நகரில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு துப்பாக்கி உரிமம் பெற்றேன். கைமானவா காட்டில் சீகா மான் தேடிப் போனபோது இருட்டிவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் ஓடை வழியே இறங்கி, இரவு பத்து மணிக்குத்தான் காரை அடைந்தேன். ஏப்ரலில் மீண்டும் செல்லவிருக்கிறேன், மனைவி அஞ்சுகிறார். மறுபடி இருட்டிவிட்டால் நடப்பதா, தங்குவதா? நாற்பது பொருள்கள் அடங்கிய 'உயிர்காப்புப் பெட்டி' ஒன்றையும், அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் அபாயக் குறிகாட்டி ஒன்றையும் இணையத்தில் வாங்கியிருக்கிறேன். இவை போதுமா? குறிகாட்டியை அழுத்தினால் ஹெலிகாப்டர் செலவு என் தலையில் விழுமா?

பதில்: கடந்த முறை நீங்கள் பிழைத்தது அதிர்ஷ்டம், அந்த வழியை இனி நம்ப வேண்டாம். தண்ணீர் போகும் திசையில் போனால் ஊர் வந்துவிடும் என்பது சமவெளி ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களின் நம்பிக்கை. கைமானவா போன்ற மலைக்காட்டில் ஓடை திடீரென அருவியாக விழும், இருபுறமும் பாறைச் சுவர் எழும்பும், கீழே போகப் போகத் திரும்பி ஏறவும் முடியாமல் போகும். இந்நாட்டுக் காட்டில் பாம்பில்லை, புலி கரடி இல்லை. ஆனால் இருட்டில் விழுந்து கால் முறிவதும், நனைந்த உடம்பு காற்றில் விறைப்பதும் உண்டு. தாழ்வான காட்டோரங்களில் ஓங்காஓங்கா என்னும், முள் பட்டால் நஞ்சேறும் மரக்காஞ்சொறியும் உண்டு. 1961இல் அதன் அடர்ந்த புதர் வழியே நடந்து சென்ற ஒரு வேட்டைக்காரர் சில மணி நேரத்தில் இறந்தே போனார். பகலில் அதைப் பார்த்து விலகலாம், இரவில் முடியாது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு விடை: தங்குங்கள். தங்குவது என்ற முடிவையும் இருட்டிய பிறகு எடுக்காதீர்கள். வெளிச்சம் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே, காரை எட்ட முடியாது என்று தெரிந்தவுடன் எடுங்கள்.

ஏப்ரலில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைக்கிறார்கள். முந்தைய வாரம் ஏழு மணியளவில் மறைந்த சூரியன் இந்த வாரம் ஆறு மணிக்கே மறைந்துவிடும். கலைமான்கள் கத்தும் 'ரோர்' காலமும் அதே சமயத்தில்தான் வருகிறது. போதாக்குறைக்கு, மாலையில்தான் மான் வெளியே வரும். சுட்ட பின் குடலெடுத்து, இறைச்சியைக் கட்டிச் சுமக்கும்போது கை, சட்டை எல்லாம் நனைந்திருக்கும், முதுகில் இருபது கிலோ ஏறியிருக்கும். இறைச்சியைக் கிளையில் தொங்கவிட்டுவிட்டு, காலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இனி அந்தப் பெட்டி. அதிலுள்ள மீன் தூண்டில், கம்பி ரம்பம், சின்னஞ்சிறு திசைகாட்டி ஆகியவற்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதிலிருக்கும் மெல்லிய வெள்ளித்தாள் போர்வை காற்றடித்தால் கிழிந்துவிடும். அதற்குப் பதிலாக ஆள் முழுவதும் உள்ளே நுழையக்கூடிய தடித்த பிளாஸ்டிக் உயிர்காப்புப் பை ஒன்று, தலையில் மாட்டும் விளக்கு ஒன்று, அதற்கு உபரி பேட்டரி, கம்பளி அல்லது பாலிப்ரோப்பிலீன் உள்சட்டை ஒரு ஜோடி, கம்பளித் தொப்பி, மழைக்கோட்டு, விசில், இரண்டு லைட்டர், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகள் ஆகியவை போதும். ரப்பர் எதற்கென்று வியக்க வேண்டாம். மழையில் ஊறிய பீச் (beech) மரக் காட்டில் சுள்ளி பற்றும் வரை விடாமல் எரிவது அதுதான், இந்நாட்டு வேட்டைக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. ஜீன்ஸ் அணிந்து போகவே கூடாது. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஆற்றுப் படுகையையும் முகட்டையும் தவிர்த்து, காற்று மறைவான மரத்தடியில் இடம் பிடியுங்கள். பட்டுப்போன கிளைகள் மேலே தொங்குகின்றனவா என்று அண்ணாந்து பாருங்கள். வியர்த்த உள்சட்டையை உடனே மாற்றுங்கள். மேலே போர்த்துவதைக் காட்டிலும் கீழே விரிப்பதுதான் முக்கியம். ஈரமான தரை விடிய விடியச் சூட்டை இழுக்கும். பெரணித் தழைகளை முழங்கால் உயரத்துக்குக் குவித்து, அதன்மேல் முதுகுப் பையை வைத்து, அதில் உட்கார்ந்து, உயிர்காப்புப் பைக்குள் இருங்கள். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு போல்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். உதவிக்குச் சுடுவதில் பயனில்லை, ரோர் காலத்தில் வெடிச் சத்தத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். மூன்று முறை விசில் ஊதினால் கவனிப்பார்கள். ஒரு பெக் போட்டால் சூடேறும் என்று நண்பர் சொல்வார்; மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விடுகிறது, எனவே புட்டியைக் காரிலேயே வையுங்கள்.

குறிகாட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மலிவு விற்பனையாளர்கள் ஏமாற்றுவது இதில்தான். 406 மெகாஹெர்ட்ஸ் குறிகாட்டி மட்டுமே பயன்படும், பழைய 121.5 சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரி 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது, ஆனாலும் அத்தகைய பழைய கருவியை உங்களிடம் தள்ளிவிட ஆள் இருப்பார்கள். அடுத்து, ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு நாட்டுக் குறியீடு பதிந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து மலிவாக வந்த கருவியில் அந்நாட்டின் குறியீடே இருந்தால், நீங்கள் அழுத்தும் சமிக்ஞை செயற்கைக்கோளை எட்டும், இருப்பிடமும் தெரியும். ஆனால் இது யாருடைய கருவி, வீட்டில் யாரைக் கேட்பது என்ற விவரம் நியூசிலாந்து மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தின் பதிவேட்டில் இருக்காது. விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். நியூசிலாந்துக் குறியீடு இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற முகவரிடம் பணம் கொடுத்து மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், அல்லது திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையில் வாடகைக்கு எடுங்கள். பதிவு செய்வது இலவசம்; செய்து தருவதாகச் சொல்லி எவரேனும் கட்டணம் கேட்டால் விலகுங்கள். பேட்டரியின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

தேடி மீட்பதற்கு இங்கே கட்டணம் வசூலிப்பதில்லை. உலர்ந்து, காயமின்றி, சூடாக இருந்தால் அழுத்தாமல் விடியலுக்குக் காத்திருங்கள். நடுக்கத்தை அடக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால், விரல் ஜிப்பைப் பிடிக்க மறுத்தால் தயங்காமல் அழுத்துங்கள். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள், அது இன்னும் மோசம். அழுத்தியபின் அணைக்காமல், வானம் தெரியும் இடத்தில் வைத்து, அங்கேயே இருங்கள்.

கடைசியாக, வேட்டை அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டால் யாரோ நம்மைக் கவனித்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு உங்களுக்கு இருந்தால், அதைக் கலைக்க வேண்டும். இயற்கைப் பாதுகாப்புத் துறை அதை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. நீங்கள் திரும்பினீர்களா என்று யாரும் பார்ப்பதில்லை. உரிமத் தேர்வில் துப்பாக்கியை எப்படிப் பூட்டுவது என்று துருவிக் கேட்பவர்கள், ஓர் இரவை எப்படிக் கழிப்பீர்கள் என்று கேட்டதாக நான் அறியேன். ஆகவே அந்த வேலை உங்கள் மனைவியுடையது. எங்கே கார் நிற்கும், எந்தப் பள்ளத்தாக்கில் ஏறுவீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அவசர உதவி எண்ணான 111ஐ அழைக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த மணி, இருட்டும் நேரமாக இருக்க வேண்டாம். மறுநாள் காலை பத்து மணியாக இருக்கட்டும். அப்போதுதான் நீங்களும் அவரது பதற்றத்தை நினைத்து இருட்டில் எழுந்து நடக்க மாட்டீர்கள்.