மின்சிகரெட்டின் சுருளை வீட்டில் மாற்றிச் சுற்றினால் என்ன ஆகும்?

சூடேற்றும் சுருளைக் குறைந்த மின்தடையுடன் வீட்டிலேயே சுற்றிப் பொருத்தினால் ஆவி கூடுமா, அதில் ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆவி கூடும், ஆனால் அதற்கான வெப்பம் முழுவதையும் மின்கலமே தந்தாக வேண்டும்.

ஓமின் விதிப்படி (மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம்), முழுமையாக மின்னேற்றிய லித்தியம் அயனிக் கலத்தின் 4.2 வோல்ட்டில் 0.5 ஓம் சுருள் 8.4 ஆம்பியரும், 0.2 ஓம் சுருள் 21 ஆம்பியரும், 0.1 ஓம் சுருள் 42 ஆம்பியரும் இழுக்கும். கடைசி அளவு, பரவலாகப் பயன்படும் 18650 என்ற உருளை வடிவக் கலங்கள் தொடர்ந்து தாங்கக்கூடிய மின்னோட்டத்தை மிஞ்சுவது. கம்பியை ஒரு சுற்று குறைத்தாலோ, சுருள் உலோக உடலைத் தொட்டாலோ மின்தடை நாம் கணக்கிட்டதற்கும் கீழே போய்விடும்.

கடையில் விற்கும் கருவிகள் பலவற்றில் மின்தடையை அளந்து, குறுக்குச்சுற்று நேர்ந்தால் மின்னோட்டத்தை நிறுத்தும் மின்னணுப் பலகை இருக்கிறது. அதை நீக்கிவிட்டுக் கலத்தையும் சுருளையும் ஒரு பொத்தானால் மட்டும் இணைப்பதுதான் எல்லா மாற்றங்களிலும் மிக மோசமானது என்பது என் உறுதியான கருத்து. அளவுக்கு மீறிச் சூடேறிய கலத்தில் வேதிவினை தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். வெளியேறும் வாயுவுக்கு உலோகக் குழாயில் துளைகள் இல்லாவிட்டால் அது வெடிக்கும், அதுவும் முகத்துக்கு அருகிலேயே. மேலுறை கிழிந்த கலமும், பழைய மடிக்கணினியிலிருந்து பிரித்தெடுத்த கலமும் இதற்கு அறவே கூடாதவை.

நுரையீரலுக்கும் தனியாக ஒரு கேடு உண்டு. சுருளுக்குத் திரவத்தைக் கொண்டுவரும் திரி உலர்ந்த நிலையில் சுருள் அதிகம் சூடானால், திரவத்திலுள்ள கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகளைத் தரும். காரீயம் கலந்த பற்றாசை (உலோகங்களை உருக்கி ஒட்டப் பயன்படும் கலவையை) ஆவி செல்லும் பாதையில் பயன்படுத்தினால், அந்தக் காரீயமும் மூச்சோடு உள்ளே போகக்கூடும்.